விற்க முடியாத எட்டு மாதங்கள்: மனை முதலீட்டில் உங்கள் தாங்குதிறனை அளப்பது எப்படி

2016 செப்டம்பர் 9. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளையும், அவற்றின் மேல் கட்டிய வீடுகளையும் இனிப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர்களுக்கு உத்தரவிட்டது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாக மாறுவதை எதிர்த்த பொதுநல வழக்கு அது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு விசாரித்தது. அட்வான்ஸ் வாங்கி, முத்திரைத்தாளும் வாங்கி வைத்திருந்தவர்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலிலிருந்து பத்திரத்தோடு திரும்பி வந்தார்கள்.

மனை இருந்த இடத்தில்தான் இருந்தது. கல் நட்ட எல்லையும் அப்படியே. யாரைக் கேட்டாலும் பழைய விலையைத்தான் சொன்னார்கள். பதிவு நடக்காததால் அந்த விலைக்கு மட்டும் பொருள் இல்லாமல் போயிற்று.

நிலத்தில் ரிஸ்க் எப்படிப்பட்டது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டாது. பங்குச் சந்தையில் ரிஸ்க் என்றால் விலை இறங்குவது. நிலத்தில் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது, வாங்குகிறவர் காணாமல் போவார். அதனால் "எத்தனை சதவீத நஷ்டத்தை என்னால் தாங்க முடியும்" என்ற கேள்வி இங்கே அதிகம் உதவாது. "விற்கவே முடியாமல் எத்தனை மாதம் என்னால் ஓட்ட முடியும்" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

நடந்தது என்ன

ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட வரைபடத்தைக் காட்டி, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லிப் பல ஆண்டுகள் மனை விற்றார்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டியது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சென்னைப் பெருநகர எல்லைக்குள் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. ஆனால் பத்திரப்பதிவு தங்குதடையின்றி நடந்ததால் யாரும் கவலைப்படவில்லை. பத்திரம் பதிவானாலே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியது. பதிவாளர் பார்ப்பது ஆவணத்தை. நிலத்தின் தகுதிக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை.

உத்தரவு வந்து ஆறு வாரத்தில், அக்டோபர் 20 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும், பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்திருந்த 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தம் 2009ஆம் ஆண்டின் சட்டமாகவே ஏட்டில் இருந்தது, அமலுக்கு மட்டும் வராமல் கிடந்தது. ரிஸ்க்கைப் பற்றி யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திடீரென்று விழுந்த இடி என்று எல்லோரும் பேசிய விஷயம் ஏழு ஆண்டுகளாக எல்லோர் கண்ணெதிரேயும் இருந்திருக்கிறது.

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. பத்திரத்தில் பாதி, ரொக்கத்தில் பாதி என்று நடந்துகொண்டிருந்த மனைச் சந்தைக்கு அது இரண்டாவது அடி. 2017 மார்ச் இறுதியில் நீதிமன்றம் தடையைத் தளர்த்தியது, ஏப்ரலில் மீண்டும் இறுக்கியது. மே 4 அன்று அரசு அங்கீகாரமில்லாத மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறை விதிகளை (அரசாணை 78) வெளியிட்டது. மே 12க்குப் பிறகுதான், 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவான இடங்களின் மறுவிற்பனைக்கு நிலையான வழி திறந்தது. முழுதாக எட்டு மாதம்.

வழி திறந்ததும் பழைய நிலை திரும்பிவிடவில்லை. வரன்முறை செய்யாத மனைக்குக் கட்டட அனுமதி கிடையாது, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் சிக்கல். கட்டணம் அதிகம் என்ற புகாரால் அக்டோபரில் அரசாணை 172 மூலம் விதிகளைத் தளர்த்தினார்கள், விண்ணப்பத்துக்கான கெடு பலமுறை நீண்டது. நீர்நிலையிலும் வாய்க்காலிலும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்திலும் போட்ட மனைகளுக்கு வரன்முறையே இல்லை. அவற்றை வாங்கியவர்களுக்கு அந்த எட்டு மாதம் இன்னும் முடியவில்லை.

ஒரே மனைப்பிரிவு, மூன்று குடும்பங்கள்

கீழே வரும் மூவரும் கணக்குக்காக அமைத்துக்கொண்டவர்கள், எண்களும் அப்படியே. மூவரும் 2013இல் ஒரே மனைப்பிரிவில் ஆளுக்கு 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட், சதுர அடி 700 ரூபாய் வீதம் 8.4 லட்சத்துக்கு வாங்கினார்கள். ஆவணம் ஒன்றே, குறையும் ஒன்றே, வந்த தடையும் ஒன்றே.

முதலாமவர் மாதச் சம்பளக்காரர். முழுப் பணமும் சேமிப்பு. மனையில் வீடு கட்டும் எண்ணம் பத்து ஆண்டுக்குப் பிறகுதான். தடை வந்ததைச் செய்தித்தாளில் படித்தார், வருத்தப்பட்டார், அவ்வளவுதான். அவர் குடும்பத்தில் எந்தச் செலவும் நிற்கவில்லை.

இரண்டாமவர் கடை வைத்திருக்கிறார். 4.4 லட்சம் கைப்பணம், 4 லட்சம் நகைக்கடன். ஆண்டுக்கு 12% வட்டி, மாதம் 4,000 ரூபாய். கடை வருமானத்தில் வீட்டுச் செலவு போக 10,000 மிஞ்சும் என்பதால் வட்டி சுமையாகத் தெரியவில்லை. அசலை மனை விற்கும்போது அடைத்துக்கொள்ளலாம் என்று ஆண்டுதோறும் கடனைத் திருப்பி வைத்து வந்தார். நவம்பரில் நோட்டு செல்லாமல் போனதும் கடை வியாபாரம் படுத்தது. வீட்டுச் செலவுக்கே மாதம் 9,000 பற்றாக்குறை, வட்டியோடு 13,000. கையிருப்பு 65,000 ரூபாய். வகுத்தால் ஐந்து மாதம். நவம்பர் நடுவிலிருந்து எண்ணினால் ஏப்ரல் நடுவில் கை வறண்டுவிடும். மறுவிற்பனைக்கு வழி திறந்ததோ மே மாதம். அதற்குப் பிறகும் ஆள் தேடி, பேசி, பத்திரம் முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தாலிக்கொடியோடு வைத்த நகை ஏலத்துக்குப் போகுமா இல்லையா என்பதை இந்தச் சில மாத இடைவெளிதான் தீர்மானிக்கிறது.

மூன்றாமவர் கடனே வாங்காதவர். ஊரில் கேட்டால் மூவரில் மிகவும் எச்சரிக்கையான ஆள் இவர்தான் என்பார்கள். ஆனால் 2017 தை மாதம் மகள் கல்யாணத்துக்கு இந்த மனையை விற்பதாக ஏற்பாடு. தடை வந்தபோது மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல் 6 லட்சம் தனிநபர் கடன், 15% வட்டி, 36 மாதம். தவணை 20,799 ரூபாய். முழுக் காலமும் கட்டினால் வட்டி மட்டும் 1,48,764. மனை வாங்கிய விலையில் ஏறத்தாழ 18%. மனையின் விலை ஒரு ரூபாய்கூட இறங்காமலேயே வந்த நஷ்டம் இது.

மூவரில் அதிகம் அடிபடக்கூடிய இடத்தில் இருந்தவர் மூன்றாமவர் என்பதே எங்கள் கணிப்பு. கடன் இல்லாததால் தனக்கு ரிஸ்க் இல்லை என்று நினைத்தார். தேதி குறித்த ஒரு செலவை, தேதி சொல்ல முடியாத ஒரு விற்பனையின் தலையில் ஏற்றி வைத்ததுதான் அவர் செய்த தவறு. கல்யாணம், கல்லூரிக் கட்டணம், அறுவை சிகிச்சை எல்லாம் இந்த வகை. இப்படிப்பட்ட செலவு மூன்று ஆண்டுக்குள் வருகிறது என்றால் அதற்கான பணம் நிலத்தில் இருக்கக்கூடாது. வைப்பு நிதியில் வட்டி குறைவுதான், ஆனால் முதிர்வுத் தேதியை வங்கி எழுதியே கொடுத்துவிடுகிறது.

உங்கள் மாதக் கணக்கு

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். முதலில், ஒரு வாரத்துக்குள் காசாக்கக் கூடிய கையிருப்பு: சேமிப்புக் கணக்கு, வைப்பு நிதி, லிக்விட் ஃபண்ட். வீட்டில் இருக்கும் நகையை இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வரும் எண் உங்களை ஏமாற்றும். அடுத்தது, குறைக்க முடியாத மாதச் செலவு: சாப்பாடு, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, எல்லாத் தவணைகளும். கடைசியாக, மோசமான காலத்திலும் நிச்சயம் வரும் வருமானம். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு சம்பளத்தை மட்டும் எழுதுங்கள். கடை, தொழில் என்றால் சென்ற மூன்று ஆண்டில் வருமானம் மிகக் குறைந்த மாதத்தை எழுதுங்கள்.

செலவிலிருந்து அந்த வருமானத்தைக் கழித்தால் மாதப் பற்றாக்குறை. கையிருப்பை அதனால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் தாங்கும் மாதங்கள். பற்றாக்குறையே இல்லையென்றால் முதலாமவரின் இடத்தில் இருக்கிறீர்கள்.

இந்த எண் 6க்குக் கீழே இருந்தால் எந்த வகை மனையும் வேண்டாம், முதலில் கையிருப்பைச் சேருங்கள். 6க்கும் 12க்கும் நடுவில் என்றால் கட்டி முடித்து, கம்ப்ளீஷன் சான்று வாங்கி, வாடகைக்கு விடத் தயாராக இருக்கும் வீடு பொருந்தும். அங்கீகாரம் பெற்ற மனைக்கு 12க்கு மேல் வேண்டும், ஏனென்றால் காலி மனை வாடகை தராது. கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடிக்கு 18க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டமும் இந்த எல்லைகளைச் சொல்வதில்லை. 2016இன் எட்டு மாதத்தோடு ஆள் தேடும் காலத்தையும் கூட்டி நாங்கள் வைக்கிற அளவு இது.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டால் போதாது. வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று மறுபடியும் போட வேண்டும். 2022 மே மாதத்தில் 4% ஆக இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5% ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கடன், 20 ஆண்டு, 7% வட்டி என்றால் தவணை 31,012 ரூபாய். அதே கடன் 9.5% ஆனால் 37,285. மாதம் 6,273 கூடுதல். பெரும்பாலான வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின. அங்கேதான் பொறி. 40 லட்சத்துக்கு 9.5% வீதம் ஒரு மாத வட்டியே 31,667 ரூபாய். பழைய தவணையான 31,012 அந்த வட்டிக்கே போதாது. காலத்தை எவ்வளவு நீட்டினாலும் அசல் குறையாது, ஏறும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைக் கருதித்தான், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது. உங்கள் கடன் புதியது என்றால் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லை என்றால் கடன் உங்கள் அளவுக்கு மேல் போயிருக்கிறது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபர்களிடம் வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிய அன்றே இழப்பது

மனை வாங்குகிறவர்கள் ரிஸ்க் என்றதும் நாளைக்கு வரப்போவதை நினைக்கிறார்கள். பதிவு அன்றே கையைவிட்டுப் போவது எவ்வளவு என்று கணக்கிடுவதில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. (2017 ஜூனில், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33% குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கு ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள்.) 30 லட்ச ரூபாய் மனைக்கு முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 2.7 லட்சம். தரகு 1% என்றால் 30,000. ஆக உங்கள் பணம் 33 லட்சம் உள்ளே போகிறது.

இதே 33 லட்சம் 7% வைப்பு நிதியில் இரண்டு ஆண்டில் சுமார் 37.8 லட்சம் ஆகும். விற்கும்போது கொடுக்கும் தரகையும் சேர்த்தால் மனை 38 லட்சத்துக்கு மேல் போனால்தான் வைப்பு நிதியைத் தொட முடியும், வரி தனி. 30 லட்ச ரூபாய் மனை இரண்டு ஆண்டில் 27% ஏற வேண்டும் என்பது இதன் பொருள். விமான நிலையம் வருகிறது, மெட்ரோ வருகிறது என்று விளம்பரம் பார்த்து இரண்டு ஆண்டுத் திட்டத்தோடு வாங்குகிறவர்கள் இந்த 27 சதவீதத்தை எழுதிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். பரந்தூர் விமான நிலைய இடத்தை 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள், மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில்தான் வந்தது. ஒப்புதலுக்கே இரண்டரை ஆண்டுக்கு மேல்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று தரகர் சொல்வார். நீங்கள் விற்கும் நாளில் வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் மூலதன ஆதாய வரி ஏறும், வங்கியும் பத்திர விலைக்கு மேல் கடன் தராது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்குரியது.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு

ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் இங்கே ஓரளவு பாதுகாப்பு உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேல், 8 வீட்டுக்கு மேல் உள்ள திட்டம் பதிவாக வேண்டும். வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. தாமதமானால் விலகிக்கொண்டு வட்டியோடு பணம் கேட்கலாம். ஆனால் ரெரா ஆணையத்தின் தீர்ப்பு கையில் இருப்பது வேறு, பணம் கையில் இருப்பது வேறு. பில்டர் தரவில்லையென்றால் நில வருவாய் பாக்கி போல வசூலிக்க மனு போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.

தாமதத்துக்கு விலை போடலாம். 60 லட்ச ரூபாய் வீடு, 48 லட்சம் கடன், 8.5% வட்டி. கடனில் 80%, அதாவது 38.4 லட்சம், வெளியான நிலையில் வேலை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 27,200. இருக்கும் வீட்டுக்கு வாடகை 18,000. பதினெட்டு மாதம் தாமதமானால் இரண்டும் சேர்ந்து 8,13,600 ரூபாய். கட்டி முடித்த வீட்டுக்கு இல்லாத 5% ஜிஎஸ்டி இதற்கு உண்டு, அது 3 லட்சம். முடிந்த வீட்டைவிடப் பத்து லட்சம் மலிவு என்று சொல்லி விற்றால், அந்தப் பத்தும் எங்கே போகும் என்பது தெரிகிறது.

முடிந்த வீட்டிலும் ஒரு கண் வேண்டும். வாடகை யாரை நம்பி வருகிறது? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஒரே ஆலையின் ஷிஃப்ட் நேரத்தைக் கணக்கிட்டு அறை கட்டுகிறவர், அந்த ஆலையின் பங்கை வாங்கியவரைப் போலத்தான், பங்கை மட்டும் மறுநாளே விற்றுவிடலாம்.

விலை ஏறி இறங்குவதைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது, அதனால்தான் நிலம் வாங்குகிறேன் என்பவர்கள் ரீட் (வாடகைக் கட்டடங்களில் பலர் பணத்தைச் சேர்த்து முதலிடும், பங்குச் சந்தையில் பட்டியலான அறக்கட்டளை) யூனிட்டுகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்க்கலாம். இந்தியாவில் முதல் ரீட் 2019 ஏப்ரலில் பட்டியலானது. இப்போது ஒரு யூனிட்கூட வாங்கலாம். அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் பங்கு வரும், விலை நாள்தோறும் ஆடும், வேண்டாம் என்றால் விற்றுப் பணம் எடுக்கலாம். விலை ஆடுவது உங்களுக்குச் சிரமமா, பணம் முடங்குவது சிரமமா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும்.

பழகிக்கொள்ளக் கூடாத ரிஸ்க்

வட்டி ஏறுவது, வாடகை நிற்பது, காத்திருப்பது ஆகியவற்றில் ஆளுக்கு ஆள் தாங்கும் அளவு மாறும். ஆவணக் குறைக்கு அப்படி ஓர் அளவே வேண்டாம். அங்கீகாரமில்லாத மனை மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்தத் தள்ளுபடியை துணிச்சலுக்கான கூலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது குறையின் விலை, நீங்கள் விற்கும்போது வாங்குகிறவரும் அதையே கழித்துக்கொள்வார்.

சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள், தரகர் தரும் நகல் வேண்டாம். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும், நடுவில் பவர் பத்திரம் இருந்தால் எழுதிக் கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். பட்டாவையும் நில அளவைப் புலப்படத்தையும் நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும் சர்வே எண் வைத்து ஒப்பிட்டால் மேய்க்கால், வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு வெளியே வந்துவிடும். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண்ணை வரைபடத்தோடு சேர்த்து அந்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். உங்கள் மனை எண் அந்த வரைபடத்தில் மனையாகவே இருக்கிறதா, பூங்கா இடமா? சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்றா? கடைசியாக, கார்த்திகை மாதம் மழை கொட்டும்போது ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை எந்த வில்லங்கச் சான்றும் சொல்லாது, பக்கத்து வீட்டுச் சுவர் சொல்லும்.

மூன்று குடும்பங்களில் முதலாமவரும் இந்த வேலைகளைச் செய்யாமல்தான் வாங்கினார். காத்திருக்க முடிந்ததால் தப்பினார். வீடு கட்ட நினைக்கும் நாளில் வரன்முறைக்கு விண்ணப்பம், ஆய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்று அவரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.